ஒரு ராத்தல் தானியம்: தாது வருடப் பஞ்சமும் நிவாரணத்தின் சோதனைகளும்

இறையனார் அகப்பொருளுரையின் தொடக்கத்தில் வரும் பஞ்சக் கதை இலக்கியம் பயின்றோர் அனைவரும் அறிந்ததே. பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பொய்த்து வற்கடம் நேர்கிறது. பசி மிகுந்தபோது பாண்டியன் புலவர்களை அழைத்து, இனி உங்களைப் புரக்க என்னால் இயலாது, எங்கேனும் சென்று பிழைத்திருந்து நாடு மீண்டபின் வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். மழை பெய்தபின் ஆள்விட்டுத் தேடுகிறபோது எழுத்தும் சொல்லும் வல்லார் கிடைக்கின்றனர்; பொருளதிகாரம் வல்லாரைக் காணவில்லை. அக்குறையைத் தீர்க்க இறைவனே நூல் செய்தான் என்பது கதை. இதனைப் பொருளிலக்கணத்தின் பிறப்புக் கதையாகவே படித்தும் படிப்பித்தும் பழகிவிட்டோம். புலவரல்லாத ஏனையோர் அப்பன்னிரண்டு ஆண்டுகளை எவ்வாறு கடந்தனர் என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. உரையும் அதுபற்றி வாய் திறக்கவில்லை. உழவனையும் குயவனையும் அரசன் அழைத்துக்கூடச் சொல்லவில்லை போலும்.

மணிமேகலை இவ்வினாவிலிருந்தே தொடங்கும் காப்பியம். ஆபுத்திரன் கையில் அமுதசுரபி இருந்த காலத்தில் பாண்டிநாட்டில் மழை வளம் பெருகிவிட, உண்பதற்கு ஆளில்லாமற்போகிறது. பசித்தவரைத் தேடி அவன் கடல் கடக்கப் புறப்படுகிறான். பின்னர் அதே பாத்திரத்துடன் மணிமேகலை பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்குச் செல்லும்போது பல மொழி பேசுவோரும், காணாரும், கேளாரும், முடம்பட்டோரும், நோயுற்றோரும் அங்கே வந்து கூடுகின்றனர். அவர்களுள் எவரையும், நீ எந்த ஊர், என்ன வேலை செய்தாய், உண்மையில் பசிக்கிறதா என்று அவள் வினவுவதில்லை. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கையிலிருந்தால் எவருமே வினவமாட்டார் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். நிவாரணத்தின் வரலாறு முழுவதும் குறைகின்ற பாத்திரத்தின் வரலாறாகவே இருக்கிறது.

குறைகின்ற பாத்திரத்தை வைத்திருப்பவர் முதலில் நாடுவது சோதனையை. நம் நாட்டார் மரபில் அச்சோதனைக்கு ஓர் உருவம் உண்டு. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளுடன் பஞ்சத்துக்குத் தப்பி அண்ணன் வீடு வந்து சேர்கிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி, வந்தவளை நேரடியாக விரட்டவில்லை. ஈர விறகைக் கொடுத்துச் சமைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கொடுத்ததாகவும் இருக்கவேண்டும், கொடாததாகவும் இருக்கவேண்டும். இக்கதைப்பாடலைச் சிற்றூர்களில் கேட்ட பெண்கள் மூளி அலங்காரியின் மீது கொண்டிருந்த வெறுப்புக்கு அளவில்லை. ஆயினும் ஈர விறகை ஓர் ஆட்சிமுறையாகவே வகுத்து, விலை போட்டு, எடை போட்டு, அரசாணையாக வெளியிட்ட காலம் ஒன்று இருந்தது. 1876 முதல் 1878 வரையிலான அந்தக் காலத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் அழைத்தனர்.

1876ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழையும் சரிவரப் பெய்யவில்லை; தொடர்ந்து வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. பசிபிக் பெருங்கடலின் வெப்பநிலை மாற்றமாகிய எல் நினோ அவ்வாண்டுகளில் மிகக் கடுமையாக இருந்ததென்று இன்றைய அறிவியல் கூறுகிறது. சீனத்திலும் பிரேசிலிலும் அதே ஆண்டுகளில் பெரும் பஞ்சங்கள் நேர்ந்தன. ஆனால் மழையின்மை மட்டும் பஞ்சமாகிவிடாது. ஏரிகள் வறண்டதும் தானிய விலை ஏறிற்று. புதிதாக அமைந்திருந்த இருப்புப்பாதை, தானியம் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு அதனைக் கொண்டுவரும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. அது விலை கிடைக்கும் இடத்துக்குக் கொண்டு சென்றது. கையில் காசில்லாத ஊரைக் கடந்து ரயில் ஓடிற்று. இந்தியக் கோதுமை அந்நாளிலும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது.

சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். அவருடைய அரசு தொடக்கத்தில் ஒரு வணிகக் குழுமத்தின் வழியாக 30,000 டன் தானியத்தை அமைதியாக வாங்கி வைத்தது. செய்தி கல்கத்தாவை எட்டியதும் இந்திய அரசு அதனைக் கடிந்துகொண்டது. வணிகத்தில் அரசு தலையிட்டால் வணிகர் ஒதுங்கிவிடுவர், அதனால் பஞ்சம் மிகும் என்பது அன்றைய பொருளியல் வேதம். வைசிராய் லிட்டன் பிரபு அவ்வேதத்தில் ஐயமற்ற நம்பிக்கை உடையவர். 1877 சனவரி 1ஆம் நாள் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் டெல்லியில் நடந்தது. பஞ்சம் பற்றியெரிந்த மாகாணத்தின் ஆளுநரும் அங்கே இருந்தார். இதனைச் சுட்டிச் சினங்கொள்வது எளிது. பல நூல்களில் அச்சினம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. நமக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுவது தர்பாரை அடுத்துச் சென்னைக்கு வந்த ஒரு மனிதரும் அவர் கொண்டுவந்த ஒரு கணக்கும்.

சர் ரிச்சர்டு டெம்பிள் என்பது அவர் பெயர். அவரைக் கல்நெஞ்சர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது என்பதே இவ்வரலாற்றின் வேதனை. 1873-74இல் பீகாரில் மழை பொய்த்தபோது பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் டன் அரிசியை இறக்குமதி செய்து, பட்டினிச் சாவு மிகச் சிலவே என்னும் நிலையை உண்டாக்கியவர் அவர்தாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்தியாவில் அதற்கு இணையான வெற்றி வேறில்லை. ஆனால் அதற்குக் கிடைத்த பரிசு ஏளனம். மக்கள் சாகவில்லை; ஆகவே பஞ்சமே வந்திருக்காது; ஆகவே பணம் வீண் என்று லண்டன் இதழ்கள் எழுதின. அந்த ஏளனத்திலிருந்து மீள நினைத்த அதிகாரியையே லிட்டன் தேர்ந்தெடுத்து 1877 சனவரியில் தெற்கே அனுப்பினார். உயிரைக் காப்பாற்றியதற்காக ஒருமுறை தண்டிக்கப்பட்டவர், இரண்டாம் முறை பணத்தைக் காப்பாற்றினார்.

நிவாரண வேலைக்களங்களில் மண் சுமப்பவர்க்கும் கல் உடைப்பவர்க்கும் சென்னை அரசு அளித்துவந்த கூலி ஏறத்தாழ ஒன்றரை ராத்தல் தானியம் வாங்கப் போதுமானதாக இருந்தது. டெம்பிள் அதனை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும், உப்பு புளி மிளகாய்க்காகச் சிறு தொகையும் என்று குறைத்தார். ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் சுமார் 450 கிராம். ஓர் ஆண்மகன் நாள் முழுதும் உழைப்பதற்கு இது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இதனினும் குறைவு. இக்குறைப்பை அவர் ஒரு பரிசோதனை என்று கூறினார். உயிர் தாங்குவதற்கு இவ்வளவு போதாதா என்று பார்த்துவிடலாம் என்பது கருத்து. உடற்கூற்று ஆய்வுக்கூடத்தில் முயல்களின்மேல் செய்வதை அவர் லட்சக்கணக்கானோரின்மேல் செய்தார்.

அதனை எதிர்த்து எழுதியவர் சென்னையின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ். இவ்விருவரின் கடிதப்போர் வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியப் பஞ்சப் போராட்ட வரலாற்றில் விரிவாக இடம்பெற்றுள்ளது. டிக்பி அப்போது சென்னை ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். கார்னிஷ் எழுப்பிய வாதம் இரக்கத்தின் பெயரால் எழுப்பப்பட்டதன்று. அவர் சிறைக் கணக்கை எடுத்துக் காட்டினார். சென்னைச் சிறைகளில் கைதிக்கு வழங்கப்படும் உணவு டெம்பிளின் கூலியினும் மிகுதி. அவ்வுணவைக் குறைத்தபோதெல்லாம் சிறையில் சாவு ஏறியிருக்கிறது. தானியம் மட்டும் போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். உழைக்கும் உடலுக்கும் ஓய்ந்திருக்கும் உடலுக்கும் தேவை வேறு என்றார். உடல் மெலிவு மெல்ல வருவது. அது கண்ணுக்குப் புலப்படும்போது காலம் கடந்திருக்கும் என்றார்.

இறுதியாகக் கூறிய இக்கருத்தை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். முகாம்களில் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்த அலெக்சாண்டர் போர்ட்டர் என்னும் மருத்துவர், சென்னைப் பஞ்சத்தின் நோய்கள் பற்றி 1889இல் ஒரு நூல் வெளியிட்டார். நெடும்பட்டினியில் குடலே நலிந்து தேய்ந்துபோகிறது. அதன்பின் உண்டதை உடல் ஏற்பதில்லை என்பது அவ்வாய்வுகளிலிருந்து தெரியவந்த செய்தி. முகாமுக்கு வந்து, கஞ்சியும் பெற்று, வயிற்றுப்போக்கில் இறந்தவர் எத்தனையோ பேர். அக்காலக் குறிப்புகளில் இவர்கள் பட்டினியால் இறந்தவராக எழுதப்படவில்லை, பேதியால் இறந்தவராயினர். பசித்தவன்தானா என்று சோதித்து முடிப்பதற்குள் பசி தன் வேலையை முடித்துவிடுகிறது. சோதனை என்பது காலத்தை எடுத்துக்கொள்வது. பட்டினிக்கும் காலமே ஆயுதம்.

சோதனைகளும் ஒன்றல்ல. கடும் உழைப்புக்கு உடன்படுகிறவனே உண்மையில் வறியவன் என்பது உழைப்புச் சோதனை. சொந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு நடந்துவருகிறவனே உண்மையில் வறியவன் என்பது தொலைவுச் சோதனை. வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால்தான் வேலை. முகாமிலேயே தங்குகிறவனே வறியவன் என்பது மூன்றாவது. இங்கிலாந்தின் ஏழையர் சட்டத்தில் வளர்ந்த நோக்கு இது: நிவாரணம், வேறு எந்த வழியிலும் பிழைக்க இயன்றவன் விரும்பாத அளவுக்குக் கசப்பாக இருக்கவேண்டும். அங்கே அது வேலையற்ற தொழிலாளிக்காக வகுக்கப்பட்டது. இங்கே, ஆறு மாதம் அரைவயிறு உண்டவன்மீது வந்து விழுந்தது. பத்து மைல் நடக்கும் வலிமை உள்ளவன் தேர்வில் தேறினான். அவ்வலிமை இல்லாதவன் வீட்டில் இறந்தான். எவனுக்கு உதவி மிகத் தேவையோ அவனைக் கழித்துவிடும் சல்லடை.

மக்கள் இதனை வாளா ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணவேண்டாம். பம்பாய் மாகாணத்தில் கூலிக் குறைப்பையும் தொலைமுகாமையும் ஏற்க மறுத்து நிவாரணத் தொழிலாளர் பெருந்திரளாக வேலைக்களங்களைவிட்டு வெளியேறினர். பூனா சார்வஜனிக் சபை அவர்கள் சார்பில் அரசுக்கு விண்ணப்பங்கள் எழுதிற்று. பட்டினி கிடப்பவன் வேலைநிறுத்தம் செய்வது உலகத் தொழிலாளர் வரலாற்றிலேயே அரிய நிகழ்ச்சி. நம் பாடநூல்களில் அதற்கு ஒரு வரியும் இல்லை. சென்னையில் கார்னிஷின் வாதம் பாதி வென்றது: கூலி ஒன்றேகால் ராத்தல் தானியமும் சிறிது பருப்புமாக 1877இலேயே உயர்த்தப்பட்டது. அரை ராத்தலுக்காக நடந்த போரில் கால் ராத்தல் கிடைத்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் சென்னை மாகாணத்தில் மட்டும் நாளொன்றுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகை நிவாரணத்தில் இருந்தனர். லிட்டனே சென்னைக்கு வரநேர்ந்தது. பிறகு மழை வந்தது. மழையோடு காய்ச்சல் வந்தது. மெலிந்த உடல்களை மலேரியா அள்ளிச் சென்றது. பிரிட்டிஷ் இந்தியாவில் இப்பஞ்சத்தால் மாண்டோர் 50 லட்சத்துக்கும் மேல் என்பதில் ஆய்வாளர்க்குள் கருத்து வேறுபாடில்லை. எவ்வளவு மேல் என்பதிலேயே வேறுபாடு. சேலம் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாயிற்று. இறந்தவர் பாதி, ஓடியவர் பாதி என்று ஊரில் சொல்வார்கள். அது சரியான கணக்கல்ல என்றாலும், ஓடியவரும் உண்டு: கண்டிச்சீமைக்கும் மலாயாவுக்கும் மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறியோரின் எண்ணிக்கை இவ்வாண்டுகளில் பெருகிற்று. இலங்கையின் மலையகத் தமிழரில் பல குடும்பங்களின் தொடக்கம் தாது வருடத்தில் இருக்கிறது.

இனி, அரசுப் பதிவேடுகளுக்கு வெளியே நடந்ததையும் சொல்லவேண்டும். 1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டத்தின் வேண்டுகோளை ஏற்று லண்டன் மேயரின் தலைமையில் திரட்டப்பட்ட நிதி ஆறு லட்சம் பவுனைத் தாண்டிற்று. அதனைப் பகிர்ந்தளித்த குழுவின் செயலர் டிக்பியே. அந்நிதி செய்த வேலை கருதத்தக்கது. உயிரைக் காப்பது அரசின் கடமை, அதற்குமேல் உள்ளதை நாம் செய்வோம் என்று வகுத்துக்கொண்டு, துணி கொடுத்தார்கள், சரிந்த கூரையை வேய்ந்தார்கள், மழை பெய்ததும் விதைக்கும் உழவு மாட்டுக்கும் பணம் கொடுத்தார்கள். விதையையும் மாட்டையும் உண்டும் விற்றும் தீர்த்த குடியானவனுக்கு மழை வந்து என்ன பயன்? நிவாரணம் வேறு, மறுவாழ்வு வேறு என்ற இன்றைய பாகுபாட்டின் வித்து இங்கே இருக்கிறது. முகாமுக்கு வர நாணிய குடும்பத்துப் பெண்களுக்கும் அந்நிதி சென்றது. நாணம் என்பது சாதியின் மறுபெயராகவும் இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

தமிழிலக்கிய வரலாற்றில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியராக நினைவுகூர்கிறோம். அந்நாவல் 1879இல், பஞ்சத்தின் சூடு ஆறுமுன் அச்சானது. முன்சீப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அவர் தாது வருடத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைப் போற்றிப் பாடினார். மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்னும் தாசி தன் நகைகளையும் வீட்டையும் விற்று அடுப்பு அணையாமல் காய்ச்சி ஊற்றினாள் என்ற வாய்மொழிச் செய்தியைச் சு. வெங்கடேசன் எழுத்தில் கொண்டுவந்தார். ஊர் ஒதுக்கிவைத்திருந்த ஒருத்தியிடம் ஊரே கலயத்துடன் நின்றது என்பதில் எந்தக் காப்பியப் புலவனும் கற்பனை செய்யாத நயம் இருக்கிறது. அவள் வைத்த சோதனை வரிசையில் நிற்பது ஒன்றுதான்.

இவ்வீரத்துக்கு முன்னோடியாக வடலூர் இருந்தது. 1867 மே 23ஆம் நாள் (பிரபவ ஆண்டு வைகாசி 11) இராமலிங்க வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் அளித்தனர். ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளையும் 1866இல் உலுக்கிய பஞ்சத்தின் மறு ஆண்டு அது. தாது வருடத்தைக் காண வள்ளலார் இல்லை. 1874லேயே சித்தி அடைந்துவிட்டார். ஆயினும் ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் பசியை விவரிக்கும் பகுதியைக் கார்னிஷின் கடிதங்களோடு ஒருங்கே வைத்துப் படிக்கும்போது வியப்பு உண்டாகிறது. கண் பஞ்சடைவதும், காது அடைப்பதும், அறிவு மயங்குவதுமாக ஒவ்வோர் உறுப்பும் ஒடுங்குவதை அவர் ஒரு மருத்துவர்போல் வரிசைப்படுத்துகிறார். சாதி, சமயம், ஊர், ஒழுக்கம் எதனையும் விசாரியாமல் பசி என்ற ஒன்றையே கருதி உணவிடவேண்டும் என்பது அவர் கொள்கை. விசாரணை இன்மையை ஒரு நெறியாகவே அவர் வைத்தார். டெம்பிள் விசாரணையை நெறியாக வைத்தார். பத்தாண்டு இடைவெளியில் ஒரே மாகாணத்தில் பசி குறித்த இரு கொள்கைகள்.

அன்பர் சிலர் இவ்விடத்தில், தருமச்சாலை சில நூறு பேருக்கு, அரசு 20 லட்சம் பேருக்கு, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தனியார் அறத்தால் அப்பஞ்சத்தைத் தாங்கியிருக்க முடியாது. அரசின் முறையான ஏற்பாடு வேண்டியிருந்தது. அவ்வேற்பாடு பஞ்சத்துக்குப் பின்னரே எழுதப்பட்டது. ரிச்சர்டு ஸ்ட்ராச்சி தலைமையிலான ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. 1883 முதல் பஞ்ச விதித்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றை இன்று படித்தாலும் மதிப்புத் தோன்றுகிறது. விலை ஏறுவது, கடன் கிடைக்காமற்போவது, மக்கள் இலக்கின்றி அலைவது, சிறுதிருட்டு பெருகுவது ஆகியவை பஞ்சத்தின் முன்னறிகுறிகள்; அவை தோன்றும்போதே அதிகாரி செயல்படத் தொடங்கவேண்டும். உழைக்கக்கூடியவர்க்கு வேலை, இயலாதவர்க்கு ஊரிலேயே இலவச உதவி, வரி தள்ளுபடி, தக்காவிக் கடன் என்று படிகள் வகுக்கப்பட்டன. கூலியைத் தானிய விலையோடு பிணைத்தார்கள். பஞ்சத்துக்கென ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கும் காப்பு நிதியும் ஏற்பட்டது. (அதற்காக விதித்த வரியின் ஒரு பகுதி அடுத்து வந்த ஆப்கான் போரில் கரைந்தது என்பது வேறு கதை.) எல்லாம் இருந்தும் சோதனை போகவில்லை, சற்று மென்மையாகிற்று.

விதித்தொகுப்பின் வலிமையும் வலியின்மையும் ஒரே இடத்தில் இருந்தன. பஞ்சம் என்று அறிவித்தால்தான் அது உயிர்பெறும். 1943இல் வங்காளத்தில் அவ்வறிவிப்பு செய்யப்படவேயில்லை. ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தனர். விதித்தொகுப்பு அலமாரியில் இருந்தது. விடுதலைக்குப் பின் மகாராஷ்டிரம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1963இல் அம்மாநிலச் சட்டங்களிலிருந்து பஞ்சம் என்ற சொல்லையே நீக்குவதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இது அரிய விருந்து. வற்கடம், கருப்பு, பஞ்சம் என்று ஒரு துயரத்துக்குப் பல சொற்களைச் சேர்த்து வைத்த மொழியில் பிறந்த நமக்கு, ஒரு சொல்லை ஆணையால் அழிக்கலாம் என்ற எண்ணமே திகைப்பூட்டுகிறது. பத்தாண்டு கழியுமுன் அதே மாநிலத்தில் வறட்சி வந்தது.

ஆனால் அவ்வறட்சியில் ஒரு நல்ல திருப்பமும் நேர்ந்தது. 1972-73இல் மகாராஷ்டிரத்தின் நிவாரண வேலைக்களங்களில் பல லட்சம் பேர், பெண்கள் பெருமளவில், கல்லுடைத்தனர். வேலை கொடு என்பது அங்கே கெஞ்சலாக இல்லாமல் முழக்கமாயிற்று. அதிலிருந்து வளர்ந்த வேலை உறுதித் திட்டம் 1977இல் சட்டமாயிற்று. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கு அதுவே முன்மாதிரி. டெம்பிள் காலத்தில் தடைக்கல்லாக வைக்கப்பட்ட உழைப்பு, நூற்றாண்டு கழித்து மக்கள் கேட்டுப்பெறும் உரிமையாக மாறியிருந்தது. மண்வெட்டியும் கூடையும் அதே மண்வெட்டியும் கூடையும்தாம்.

சென்னையில் தாது வருடத்தின் தடங்கள் இரண்டு எஞ்சியிருக்கின்றன. வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய தலைமுறையினர் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என்றே சொல்வர். 1782இல் ஐதர் அலியின் போரால் வந்த பஞ்சத்தில் தொடங்கிய கஞ்சிச் சாலையும், மணியக்காரர் சத்திரமும் அதன் மூதாதையர். தாது வருடத்துக்கும் முற்பட்ட அப்பெயர் அப்பஞ்சத்தில் மீண்டும் பொருள்பெற்றது. மற்றொன்று கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1878இல் அந்த நீர்வழி முழுவதும் ஆளுநரின் பெயரைப் பெற்றுப் பக்கிங்காம் கால்வாயாயிற்று. கூலியாக அரைவயிறு உண்டவர்கள் வெட்டிய கால்வாய்க்குக் கோமகன் பெயர். 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையேறியபோது அந்நீரில் ஒரு பகுதியைச் சில இடங்களில் இக்கால்வாய் உள்வாங்கித் தணித்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதினர்.

அந்த ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகத்தில் நடந்த நிவாரணம், பல வகையிலும் பாராட்டத்தக்கது. ஏறத்தாழ 8,000 உயிர்களை இழந்த மாநிலத்தில், அதிலும் பெரும்பகுதியை இழந்த நாகப்பட்டினத்தில், கொள்ளைநோய் பரவாமல் தடுத்ததும் வீடுகளை எழுப்பியதும் சிறிய செயல்கள் அல்ல. ஆனால் உதவி பட்டியலின் வழியாகச் சென்றது. படகையும் வலையையும் இழந்த மீனவர் பட்டியலில் இருந்தனர். மீன் சுமந்து விற்ற பெண், உப்பளக் கூலி, கடல்நீர் புகுந்த வயலில் வேலை இழந்த தலித் உழவுத் தொழிலாளி, கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர் ஆகியோர்க்கு இழந்ததாகக் காட்டப் பொருள் எதுவும் இல்லை. பொருளே இல்லாதவன் எதனை இழந்தான் என்று எழுதுவது? இக்குறையை அக்காலத்திலேயே பலர் எடுத்துரைத்தனர். பின்னர்ச் சிலது திருத்தவும்பட்டது. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது குடும்ப அட்டைதாரர்க்கு நியாயவிலைக் கடைகளின் வழியாக 6,000 ரூபாய் ரொக்கமாக வழங்கப்பட்டது. கல் உடை, பத்து மைல் நட என்று எவரும் சொல்லவில்லை. டோக்கன் கொடுத்தார்கள், மறுநாள் பணம் பெற்றவர் உண்டு. டெம்பிளின் காலத்திலிருந்து நாம் வந்திருக்கும் தொலைவு அது. அட்டை இல்லாதவர் தனியே விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தனர். பிற மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருந்தவர் எந்த அட்டையைக் காட்டுவார்?

காகிதம் இன்றி உதவி இல்லை என்னும் நிலையை எள்ளிய தமிழ்நூல் ஒன்று உண்டு. வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம் 1899இல் வெளிவந்தது. தாது வருடப் பஞ்சமே அதன் களம். சிவகங்கைச் சீமையின் மக்கள் பசி தாளாமல் மதுரைக்குச் சென்று சொக்கநாதரிடம் முறையிடுகின்றனர். கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த திருவிளையாடல்களின் நாயகர், தம்மிடம் ஒன்றுமில்லை என்று கைவிரிக்கிறார். பிறகு அவர்கள் கையில் ஒரு திருமுகத்தை, சிவகங்கை ஜமீன்தார் துரைசிங்கத்துக்கு முகவரியிட்ட சிபாரிசுக் கடிதத்தை, எழுதிக் கொடுத்தனுப்புகிறார்.